கரிசல் மண்ணில் நன்மையும் தீமையும்

நல்லவன் வாழ்ந்தான், கெட்டவன் அழிந்தான் என்று முடியாத கதைகளை நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கலாமா என்ற வினா நம் சமுதாயத்துப் பெரியவர்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இக்காலச் சிறுகதைகளில் திருடன் மீது இரக்கம் காட்டப்படுகிறது. மானம் இழந்தவளைக் கதாசிரியர் கடிந்துகொள்வதில்லை. கொடுமை செய்தவன் கதை முடியும்போதும் நிம்மதியாக வீட்டில் உறங்குகிறான். இது தீமைக்கு வக்காலத்து வாங்குவதன்றோ என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கவலையை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிள்ளை வளரும் வீட்டில் புத்தக அலமாரியும் ஓர் ஆசிரியர்தான்.

ஆயினும் இத்தகைய கதைகளெல்லாம் மேனாட்டிலிருந்து இறக்குமதியான நோய் என்று சிலர் கூறும்போது நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. சிறுகதை என்னும் வடிவம் மேனாட்டிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் நன்மையையும் தீமையையும் பிரிக்கும் கோடு ஏன் தமிழ்க் கதைகளில் இவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதற்கு நம் காலடி மண்ணிலேயே விடை இருக்கிறது. அந்த மண்களுள் ஒன்று அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் உள்ளடக்கிய வறண்ட கரிசல் பூமி.

1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று விருதுநகர் மாவட்டம். குண்டாற்றில் தண்ணீரைக் காட்டிலும் மணலைக் கண்ட நாட்களே மிகுதி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கம்பு, சோளம், குதிரைவாலி. மானாவாரியில் பருத்தி, மல்லி, மிளகாய். மழை பெய்தால் காலை விடாமல் ஒட்டிக்கொள்ளும் இதே கருமண், பொய்த்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இம்மண் இங்கேயே நின்றுவிடுவதுமில்லை. தென்மேற்கே சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிச் சீமை வரை பரந்து செல்கிறது. தமிழ்ச் சிறுகதைக்குப் புதிய வாழ்வு தந்த இரு பெரும் படைப்பாளிகள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், அந்தத் தென்கோடியிலுள்ள இடைசெவல் என்னும் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், இளமைத் தோழர்கள். அவர்களுடைய கதைகளுக்குச் செல்லுமுன் அம்மண்ணின் வரலாற்றைச் சிறிது பார்த்துவிடுவோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள். இலட்சக்கணக்கானோர் மாண்டனர், எஞ்சியவர்களில் பலர் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர். தானிய விலை ஏறிய ஆண்டுகளிலெல்லாம் கொள்ளை வழக்குகளும் ஏறின என்பதை மாகாணப் போலீசின் ஏடுகளே காட்டுகின்றன. 1918இல் முதல் உலகப் போரின் இறுதியில் அரிசி விலை தாங்க முடியாமல் போனபோது மாகாணத்தின் பல ஊர்களில் சந்தைகளும் தானியக் கடைகளும் சூறையாடப்பட்டன. சூறையாடியவர்கள் யார்? முந்தைய வாரம் வரை அதே கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள்.

இதைவிட ஆழமான ஒரு சிக்கலும் இந்தச் சீமையில் இருந்தது. அதுதான் காவல். ஊரையும் களத்தையும் கால்நடையையும் இரவில் காப்பதற்கு ஒரு குழுவினர் பரம்பரையாகப் பொறுப்பேற்றிருந்தனர். அதற்குக் காவல்கூலி உண்டு. பொருள் களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும். இயலாவிட்டால் ஈடு செய்யவேண்டும். களவு போன மாட்டை மீட்டுத் தருவதற்கு வாங்கும் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர். மாட்டை மீட்டுத் தந்தவருக்கு அது எங்கே கட்டப்பட்டிருந்தது என்பது எப்படித் தெரிந்தது என்று எவரும் கேட்பதில்லை. கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு பெருகுவதும் உண்டு. காப்பவன் யார், களவாடுபவன் யார் என்ற கேள்விக்கு ஒரே ஆளைச் சுட்டிக் காட்ட நேர்ந்த நாடு இது. ஆனாலும் அக்காவலை நம்பித்தான் ஊர் உறங்கியது.

வெள்ளையர் அரசுக்கு இந்தச் சிக்கல் புரியவில்லை. புரிந்துகொள்ளப் பொறுமையும் இல்லை. கோட்டைப் பேனாவால் கிழித்தது. 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், மறவர், குறவர் முதலிய சமூகங்களில் பல பிரிவினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். ஆண்களின் கைரேகை பதிவு செய்யப்பட்டது. ஆகையால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பல ஊர்களில் இரவுதோறும் போலீஸ் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜராகிப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். புது மாப்பிள்ளையும் சாவடியில்தான் படுத்தான். தன் வாழ்நாளில் ஒரு கதிரைக்கூடத் திருடாத கிழவனும் அங்கேதான் படுத்தான். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பெண். 1934இல் திருச்சுழிக்குத் தென்கிழக்கே, நம்மவர் நிறைந்து வாழும் அபிராமத்தில் கூடிய மாநாடு இச்சட்டத்தை நீக்கக் கோரியது. முத்துராமலிங்கத் தேவர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டமும் பிறருடைய முயற்சிகளும் சேர்ந்து 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டத்துக்கு முடிவு கட்டின. நாடு முழுவதற்குமாக அது நீங்கியது 1952இல்.

சட்டம் செய்த பிழை என்ன? திருட்டைத் தீமை என்றதா? திருட்டு தீமைதான், திருடு கொடுத்தவனைக் கேட்டால் சொல்வான். செயலுக்கு இட வேண்டிய பெயரை ஆளுக்கு இட்டு, ஆளுக்கு இட்ட பெயரை அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் எழுதி வைத்ததே அதன் பிழை.

இதே திருச்சுழியில் 1879இல் பிறந்த ஒரு சிறுவனின் செய்தியை இங்கே நினைவு கூரலாம். மதுரையில் படித்துக்கொண்டிருந்த அவன் 1896இல் ஒரு நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டான். கட்டணம் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதனுடன் இருக்கிறது என்று ஒரு கடிதத்தில் குறித்துவிட்டுப் போனான். அவனே பின்னாளில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி என்று போற்றப்பட்டவர். போலீஸ் ஏட்டில் அது அண்ணன் பணத்தைக் கையாடியதாகும். அடியார்கள் எழுதிய வரலாற்றில் அது துறவின் முதற்படி. ஆனால் ஒரு சிறுகதையாசிரியரின் கண் வேறோர் இடத்துக்குப் போகும்: கட்டணத்துக்கு மூன்று ரூபாய் குறைந்து நின்ற அந்த அண்ணனிடம்.

இனிக் கதைகளுக்கு வருவோம். நம் முன்னோர் வளர்ந்த கதை மரபு வேறு. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ஆயிரம் மசலாவில் கேள்வி எதுவாயினும் அதற்கு உறுதியான விடை உண்டு. கிஸ்ஸாக்களில் பொறுமையுடையோர் இறுதியில் உயர்கிறார்கள். இலங்கையின் சித்திலெப்பை மரைக்காயர் 1885இல் வெளியிட்ட அசன்பே சரித்திரத்திலும் நற்குணம் சோதனைகளைக் கடந்து வெற்றி காண்கிறது. அக்கதைகள் நம் வீடுகளுக்குச் செய்த நன்மை சிறிதன்று. அவற்றைப் பழையவை என்று ஏளனம் செய்யும் இளைஞரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் மழையே பெய்யாத ஐந்து ஆண்டுகளை அந்த மரபு எதிர்கொண்டதில்லை.

1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் பருவமழை தொடர்ந்து பொய்த்தது. அந்த வறட்சிக் காலத்தின் நிழல் படிந்த கதை கு. அழகிரிசாமியின் ‘திரிபுரம்’. மானத்தோடு வாழ்ந்த ஒரு விவசாயக் குடும்பத்துத் தாயும் மகளும் பஞ்சத்தால் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். பசி அவர்களை ஒரு பட்டணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அங்கே மகளின் கற்பு விலையாகிறது. தாய் அறிந்தேதான் அது நடக்கிறது. கதையின் முடிவில் ஒரு சிரிப்பு ஒலிக்கிறது. சிவபெருமான் தம் சிரிப்பால் மூன்று புரங்களை எரித்தார் என்னும் சைவப் புராணச் செய்தியைத் தலைப்பாக வைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்கிறார். யாரை எரித்த சிரிப்பு அது? தாயையா, விலை கொடுத்தவனையா, சோறு போடாத நாட்டையா? கதை சொல்வதில்லை.

இக்கதையைத் தனியாகப் படித்தால் பெரியவர்களின் குற்றச்சாட்டு சரியென்றே தோன்றக்கூடும். ஆனால் அதே ஆசிரியரின் ‘ராஜா வந்திருக்கிறார்’ என்ற கதையை அதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் வறுமைதான். தீபாவளிக்குத் தன் பிள்ளைகளுக்கே சரிவரத் துணி எடுக்க முடியாத தாயம்மாள், உடம்பெல்லாம் சிரங்கோடு தெருவில் நின்ற ஓர் அநாதைச் சிறுவனை வீட்டுக்குள் அழைத்துக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டை எடுத்து அவனுக்கு உடுத்துகிறாள். ஒரு தாய் பிறர் பிள்ளைக்கு உடை தருகிறாள். இன்னொரு தாய் தன் பிள்ளையின் மானத்தைக் காக்க முடியாமல் போகிறாள். முதலாமவளை ஆசிரியர் வானளாவப் புகழவில்லை, இரண்டாமவளை இகழவில்லை. இருவருக்குமிடையே உள்ள தூரம் எவ்வளவு? குணத்தின் தூரமா, அல்லது இன்னும் சில நாட்களுக்குப் பானையில் கிடந்த கம்பின் தூரமா? தாயம்மாளின் வீட்டிலும் அந்தக் கம்பு தீர்ந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கும்போது நமக்கு உடல் நடுங்குகிறது. நம் வீட்டைப் பற்றியும் அப்படி நினைக்கத் தோன்றுவதுதான் காரணம்.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ இன்னும் எளிய கதை. 1950களின் கடைசியில் ‘சரஸ்வதி’ இதழில் வெளிவந்தது. ஓர் ஏழை வீட்டின் பழைய கதவு. குழந்தைகள் அதில் ஏறி ஆடுவார்கள், தீப்பெட்டிப் படம் ஒட்டுவார்கள். தகப்பன் மணிமுத்தாற்றுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறான். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து கதவைக் கழற்றித் தூக்கிச் செல்கிறான். கதவில்லாத வீட்டில் குளிர்காற்று புகுந்து கைக்குழந்தை நோயுற்று இறக்கிறது. பின்னொரு நாள் சாவடியின் பின்புறம் கரையான் ஏறிக் கிடக்கும் தங்கள் கதவைக் குழந்தைகள் கண்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் குழந்தையைக் கொன்றவர் யார்? தீர்வை பாக்கிக்கு அசையும் பொருளை ஜப்தி செய்யலாம் என்று 1864இலேயே சென்னை மாகாணத்தில் வருவாய் வசூல் சட்டம் வகுக்கப்பட்டிருந்தது. தலையாரி அந்த நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. அவனும் கூலிக்கு வேலை பார்க்கும் ஏழை. மேலே இருப்பவர் கணக்குப் பார்த்தார். அவருக்கு மேலே இருப்பவர் கையொப்பமிட்டார். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். ஒரு குழந்தை இறந்தது. தீயவன் ஒருவனைக்கூடக் காட்டாமல் தீமையை முழுமையாகக் காட்டிய கதை இது. அந்தத் தலையாரியைக் கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாக வர்ணித்திருந்தால், அவன் மேல் கோபப்பட்டுவிட்டு நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம். கீழே தரையில் கிடக்கும் பழி நம் காலைத் தொடாமல் போயிருக்கும்.

பழி யாரைச் சேரும் என்ற இக்கேள்வி நம் மார்க்க வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 18இல் அரபு நாட்டில் பெரும் பஞ்சம் வந்தபோது, திருட்டுக்குரிய தண்டனையை ஹளரத் உமர் (ரலி) அவர்கள் நிறுத்தி வைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் மற்றொரு நிகழ்ச்சி இடம் பெறுகிறது. ஹாத்திபின் குடும்பத்து அடிமைகள் முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். முதலில் தண்டனைக்குக் கட்டளையிட்ட உமர் (ரலி) அவர்கள், பின்னர் எசமானரை நோக்கி, நீர் இவர்களைப் பட்டினி போடுவதாக நாம் காண்கிறோம் என்ற கருத்தில் கூறி, ஒட்டகத்தின் விலை நானூறு திர்ஹம் என்று கேட்டறிந்து, எண்ணூறாகச் செலுத்தும்படி எசமானருக்கே அபராதம் விதித்தார்கள். திருட்டு நன்மை என்று அங்கே சொல்லப்படவில்லை. ஒட்டகத்தை இழந்தவருக்கு ஈடும் மறுக்கப்படவில்லை. குற்றம் யார் வீட்டுக் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதே மாறியது. ரேகைச் சட்டம் எழுதியவர்களிடம் இந்தக் கேள்வி எழவே இல்லை.

ஆகவே கோடு அழிக்கப்படுகிறது என்று சொல்வதில் ஒரு தவறு இருக்கிறது. கரிசலின் நல்ல கதைகள் தீமையைத் தீமை என்றே காட்டுகின்றன. ‘திரிபுர’த்தில் நடந்ததை நல்லதென்று எந்த வாசகரும் எண்ணிவிட முடியாது. கதை நிறுத்தி வைப்பது செயலைப் பற்றிய தீர்ப்பை அன்று. ஆளைப் பற்றிய தீர்ப்பையே. இரண்டும் வேறு.

திருமறையின் கஹ்பு அத்தியாயத்தை வெள்ளிதோறும் ஓதுகிற வீடுகள் நம்முடையவை. மூஸா (அலை) அவர்களோடு வழி நடந்த அந்த நல்லடியார், ஹிள்ரு (அலை) அவர்கள், ஏழைகளின் படகைப் பழுதாக்கியபோது மூஸா (அலை) அவர்களால் பொறுக்க முடியவில்லை. பிரியும் வேளையில் காரணம் சொல்லப்பட்டது: நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் ஓர் அரசன் அப்பால் இருந்தான். அது இறைவனின் வாக்கு. மனிதர் எழுதும் கதையை அதனோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் வாசகன் நிற்கும் இடம் ஒன்றைச் சுட்டிக்காட்ட அது உதவும். சிறுகதையில் காரணம் சொல்லவரும் ஹிள்ரு இல்லை. படகில் துளை விழுந்ததும் கதை முடிந்துவிடுகிறது. விளக்கம் வருவதற்கு முன்னிருந்த அந்தத் தவிப்பிலேயே நாம் விடப்படுகிறோம். நம் அறிவு எவ்வளவு சிறிது என்பது அங்கேதான் தெரிகிறது.

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. இந்த மண்ணைப் பற்றிப் பின்னால் எழுதப்பட்ட எல்லாக் கதைகளிலும் இந்த நிதானம் இருப்பதாக நாம் கருதவில்லை. திருடனை வீரனாக்குவதும், அரிவாளுக்குப் பூச்சூடுவதும், களவு கொடுத்தவனின் முகத்தையே காட்டாமல் விடுவதும் சிலருக்கு எளிய வழியாகப் போய்விட்டன. களத்தில் காய்ந்த மிளகாயை இழந்த சம்சாரியும் ஒரு வருடம் அதற்காக வெயிலில் நின்றவன்தான். அவனை மறந்துவிட்டு எழுதப்படும் இரக்கம் அரைகுறை இரக்கம். அருப்புக்கோட்டைக்கு அருகே மல்லாங்கிணற்றில் 1966இல் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் 2003இல் எழுதிய ‘நெடுங்குருதி’, நாவலேயானாலும், இவ்வகையில் கவனத்துக்குரியது. களவைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்று பெயர் பெற்ற மக்களின் ஊராகிய வேம்பலையை அது ஒளித்தும் காட்டவில்லை, ஒப்பனை செய்தும் காட்டவில்லை.

நம்மவர் பற்றியும் ஒரு சொல். அபிராமம், கமுதி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆயினும் கரிசல் கதைகளில் அவர்களைப் பெரும்பாலும் சந்தையில் ஒரு நொடி கண்டு மறக்கும் முகங்களாகவே காண்கிறோம். கடலோரத்து நம்மவர் வாழ்வை, அதன் பெருமையோடும் அழுக்கோடும், தோப்பில் முகம்மது மீரான் எழுதிக் காட்டினார். எங்களை இப்படி எழுதலாமா என்ற முணுமுணுப்பும் அவருக்குக் கிடைத்தது. கரிசலுக்கு அத்தகைய பேனா வேண்டியிருக்கிறது.

எழுதுவதற்குப் பொருள் இல்லாமலில்லை. 1918ஐப் போன்றதோர் ஆண்டில், படி அரிசியின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கையில், ஒரு சிற்றூர்த் தானியக் கடைக்காரர் பொழுது சாயுமுன்பே பலகைகளைச் செருகிக் கடையைச் சாத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் கூட்டம் திரண்டிருக்கிறது. கூட்டத்தில் அவருக்குப் பெயர் தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை. உள்ளே எத்தனை மூட்டை அடுக்கியிருக்கிறது, அதில் எத்தனை கடனுக்கு வாங்கியது, அவர் பிள்ளைகள் எத்தனை பேர், இந்த ஆண்டு ஜகாத்துக்கு என்று அவர் ஒதுக்கி வைத்தது எந்த மூலையில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். வெளியே ஒருவர் பலகையைத் தட்டுகிறார்.